பிள்ளைகளின் கம்ப்யூட்டருக்கு உள்கடன் எடுக்கும் முன்



நான் பத்தாவது வரைதான் படித்தவள். கம்ப்யூட்டர் பற்றி நீ என்ன பேசப்போற என்று கேட்கலாம். ஆனால் நம் குழுக்களில் ஜூன் மாதம் வந்தால் உள்கடன் கேட்டு எழுதும் காரணம் என்ன? பிள்ளை படிப்பு. ஃபீஸ், நோட்டு, யூனிஃபார்ம் என்று இருந்த பட்டியலில் இப்போது கம்ப்யூட்டரும் சேர்ந்துவிட்டது. கடன் கொடுக்கிற நமக்கு அது எதற்குப் போகிறது என்று தெரிய வேண்டாமா? அதனால்தான் பேச வந்தேன்.

போன வருடம் எங்கள் குழுவில் ஒரு தங்கை 6,500 ரூபாய் கேட்டார். மூத்த பையனுக்கு அரசு கொடுத்த மடிக்கணினி வீட்டில் சும்மா கிடந்தது. பத்தாவது படிக்கும் மகளுக்கு அதைத் தயார் செய்ய, கடையில் "பேட்டரி, சார்ஜர், வேர்டு, தமிழ் எழுத்து எல்லாம் சேர்த்து" என்று அந்தத் தொகையைச் சொன்னார்களாம். நாங்கள் இரண்டு பேர் கூடப் போனோம். "வேர்டுக்கு லைசென்ஸோடு பில் கொடுங்க" என்று கேட்டோம். "பில் வேணும்னா வேற ரேட்டுக்கா" என்றார் கடைக்காரர். அந்த ஒரு பதிலிலேயே விஷயம் புரிந்துவிட்டது.

லைசென்ஸ் என்றால் உரிமம். அந்த மென்பொருளை நாம் எப்படிப் பயன்படுத்தலாம் என்பதற்கான அனுமதி. நமக்குத் தெரிந்த கணக்கில் சொல்கிறேன்.

ஒன்று, வாடகை வீடு மாதிரி. மாதமோ வருடமோ பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் 365 அப்படித்தான். கட்டுவதை நிறுத்தினால், எழுதி வைத்ததைத் திறந்து படிக்கலாம், திருத்தி எழுத முடியாது. புது மடிக்கணினியில் "வேர்டு ஃப்ரீ" என்று சொல்லிக் கொடுப்பது சில சமயம் சில நாள் சோதனைக்கு மட்டும்தான். அதைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு, கிரயம் மாதிரி. ஒரே தடவை பணம். ஆனால் பெரும்பாலும் ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். அடுத்த பிள்ளையின் கம்ப்யூட்டருக்கு அது செல்லாது.

மூன்று, கொக்கி போட்டு இழுத்த கரண்ட் மாதிரி. கடைக்காரர் பென்டிரைவில் வைத்திருந்து ஏற்றித் தருவாரே, அதுதான். விளக்கு எரியும், ஆனால் நம்முடையது இல்லை. அதோடு வைரஸும் சேர்ந்து வரலாம். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 63பி-யின்படி, திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். லாபத்துக்காக இல்லை என்றால் நீதிமன்றம் சிறை இல்லாமல் 50,000 வரை அபராதத்தோடு விடலாம். நாளைக்கே போலீஸ் வீட்டுக்கு வரும் என்று பயமுறுத்தவில்லை. ஒரு பைசா விடாமல் நோட்டில் கணக்கு எழுதுகிற நாம், பிள்ளைக்கு முதல் பாடமாகத் திருட்டுப் பொருளைக் கையில் கொடுக்கலாமா?

நான்கு, காவிரிப் படித்துறை மாதிரி. யார் வேண்டுமானாலும் இறங்கலாம், யாரும் சீட்டுக் கேட்கமாட்டார்கள். லிப்ரே ஆபீஸ் என்று ஒன்று இருக்கிறது. காசு கிடையாது. எத்தனை கம்ப்யூட்டரில் வேண்டுமானாலும் ஏற்றலாம், பக்கத்து வீட்டுக்கும் நகல் கொடுக்கலாம். அதன் உரிமமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

"இலவசம்னா தரம் இருக்காதே" என்பீர்கள். உங்கள் வீட்டில் பதினொன்றாம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் புத்தகம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். 2018-இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் அரசே சொல்லிக்கொடுப்பது ஓபன் ஆபீஸ் ரைட்டர். அதற்கு முந்தைய பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் ஸ்டார் ஆபீஸ் இருந்தது. ஸ்டார் ஆபீஸிலிருந்து பிறந்தது ஓபன் ஆபீஸ், அதிலிருந்து 2010-இல் பிரிந்து வளர்ந்தது லிப்ரே ஆபீஸ். ஒரே குடும்பம்தான். 2011-இல் அரசு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோதும் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பக்கத்துக் கேரளாவில் அரசுப் பள்ளிகளே இந்த மாதிரிக் கட்டற்ற மென்பொருளில்தான் பல வருடமாகப் பாடம் நடத்துகின்றன.

அடுத்து தமிழ் எழுத்து. இதற்கும் காசு கொடுக்காதீர்கள். பழைய எழுத்துருவில் அடித்ததை வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் கோழி கிளறின மாதிரி வரும். ஜெராக்ஸ் கடையில் பிராஜெக்ட் பிரிண்ட் எடுக்கப் போன பிள்ளை அழுதுகொண்டு வருவது இதனால்தான். யூனிகோடு தமிழில் அடித்தால் எங்கும் தமிழாகவே தெரியும். தமிழக அரசும் 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. விசைப்பலகைக்கு 'தமிழ் 99' என்ற முறையை 1999-லேயே அரசு ஏற்றது. விண்டோஸ் 10-க்கு மேல் இருந்தால் அது உள்ளேயே இருக்கிறது. பிரிண்டுக்குப் போகும் முன் பிடிஎஃப் ஆக மாற்றிக் கொண்டுபோகச் சொல்லுங்கள். லிப்ரே ஆபீஸிலேயே அதற்குப் பொத்தான் இருக்கிறது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். வேர்டில் செய்ததை இதில் திறந்தால் சில சமயம் கட்டம், படம் கொஞ்சம் நகரும். பள்ளியில் வேர்டு ஃபைலாகக் கேட்டால், சேமிக்கும்போது 'டாக்எக்ஸ்' என்று தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும். மிகப் பழைய விண்டோஸில் புதிய பதிப்பு ஏறாது, பழைய பதிப்பைத்தான் ஏற்ற வேண்டும். டைப்பிஸ்ட் வேலைக்கு ஆபீஸ் ஆட்டோமேஷன் தேர்வு எழுதப்போகும் பிள்ளை, பயிற்சி மையத்தில் எதில் நடத்துகிறார்கள் என்று கேட்டு அதிலும் பழக வேண்டும். ஒன்றில் கை பழகியவருக்கு இன்னொன்று சில நாளில் வந்துவிடும். நம்ம வீட்டு அடுப்பில் சமைக்கத் தெரிந்தவள் சம்பந்தி வீட்டு அடுப்பில் சமைக்கமாட்டாளா?

கம்ப்யூட்டரே இல்லாத வீட்டில் போனிலேயே கூகுள் டாக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழில் பேசினாலே எழுத்தாக விழும். நெட் வேண்டும், அது ஒன்றுதான். சில பள்ளிகள் மைக்ரோசாஃப்டில் பதிவு செய்து மாணவருக்கு மின்னஞ்சல் கொடுத்திருந்தால், நெட் வழியாக வேர்டும் இலவசம். அதனால் முதலில் பள்ளியில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

குழுவில் கம்ப்யூட்டருக்குக் கடன் மனு வந்தால் நான்கு கேள்வி கேளுங்கள். பள்ளியில் எது பயன்படுத்துகிறார்கள்? பணம் ஒரு தடவையா, வருடா வருடமா? எத்தனை கம்ப்யூட்டருக்கு? உரிமத்தோடு பில் உண்டா? கடன் கேட்டவரைச் சந்தேகப்பட்டுக் கேட்பதல்ல. அவர் கடையில் ஏமாறாமல் இருக்கத்தான்.

அந்தத் தங்கை கடைசியில் பேட்டரிக்கும் சார்ஜருக்கும் மட்டும் 2,200 ரூபாய் உள்கடன் எடுத்தார். மென்பொருளை எங்கள் ஊர்க் கல்லூரிப் பிள்ளை ஒருவன் ஏற்றிக் கொடுத்தான். மிச்சம் 4,300 ரூபாய் குழுவிலேயே இருந்தது. அதே மாதம் வேறொரு அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போனது. இல்லாத பொருளுக்குக் கொடுக்கிற பணம் இருக்கிற கஷ்டத்துக்கு உதவாமல் போகும் என்பதற்கு இதைவிட என்ன கணக்கு வேண்டும்?

கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். ஊராட்சிக்கு ஒரு பென்டிரைவில் இந்த மென்பொருளை வைத்திருப்போம். ஏற்றத் தெரிந்த ஒரு பிள்ளை இன்னும் இரண்டு பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கட்டும். இதைத் தீர்மானமாக எழுதக் கேட்டுக்கொள்கிறேன்.