மாலை போட்ட 48 நாள் மட்டும் எப்படி முடிகிறது?



"புகைப்பழக்கத்தை விடுவதற்கான உந்துதலை எங்கே தேடுவது?" என்பது இன்று எனக்கு வழங்கப்பட்ட தலைப்பு. நுரையீரலுக்கு என்ன ஆகும், இருதயத்துக்கு என்ன ஆகும் என்பதை எனக்கு முன் பேசிய மருத்துவர் விளக்கிவிட்டார். நான் ஓர் அறிவிப்பாளர். மனிதர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதைக் கவனிப்பது என் தொழில். எனவே சிகரெட்டைப் பற்றி நம் வீடுகளில் நடக்கும் பேச்சையும் நடக்காமலே போகும் பேச்சையும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொள்கிறவர்களை நம் எல்லாருக்கும் தெரியும். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டு விரதம் இருப்பவர்களையும் தெரியும். அவர்களில் தினமும் ஒரு பெட்டி சிகரெட் ஊதுகிறவர்கள் உண்டு. "என்னால் விட முடியாது, அது இல்லாமல் எனக்கு மண்டை ஓடாது" என்று வருஷம் முழுவதும் சொல்பவர்கள்தான் அவர்கள். மாலை கழுத்தில் ஏறிய அன்று நிறுத்திவிடுகிறார்கள். 41 நாளோ 48 நாளோ, ஒன்றைக்கூடத் தொடுவதில்லை. நேர்த்திக்கடன் முடிந்ததும் என்ன நடக்கிறது? சிலர் வீடு வந்து சேரும் வரைகூடக் காத்திருப்பதில்லை. கார் நிறுத்துமிடத்திலேயே பற்றவைத்துவிடுகிறார்கள்.

இதைக் கேலி செய்வதற்காக நான் சொல்லவில்லை. இதற்குள் ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. உடம்பில் சேர்ந்த நிக்கோட்டின் பாதியாகக் குறைய ஏறக்குறைய 2 மணி நேரம் போதும். அதனால்தான் சிகரெட் பிடிப்பவருக்குக் காலையில் எழுந்ததும் கை துறுதுறுவென்று தேடுகிறது. நிறுத்திய முதல் 2, 3 நாட்களில் எரிச்சல், தூக்கமின்மை, எதிலும் கவனம் நிற்காத தவிப்பு எல்லாம் உச்சத்துக்குப் போகும். பெரும்பாலோருக்கு 2 முதல் 4 வாரத்துக்குள் அவை அடங்கிவிடும். 48 நாள் என்றால் ஏறக்குறைய 7 வாரம். அதாவது, காவடியை இறக்கி வைத்த அந்த மனிதரின் உடம்பு சிகரெட்டைக் கேட்டு அடம்பிடிக்கும் கட்டத்தை எப்போதோ தாண்டிவிட்டது. மிகக் கடினமான பகுதியை அவர் முடித்துவிட்டார். பிறகு 49ஆம் நாள் அவரை இழுத்தது எது?

விரத நாட்களில் அந்த வீட்டைச் சற்று எண்ணிப் பாருங்கள். மனைவி சைவமாகத் தனியே சமைக்கிறார். பெற்ற பிள்ளைகூட "சாமி" என்று அழைக்கிறது. வேலையிடத்தில் சிகரெட் பெட்டியை நீட்டிக்கொண்டே வரும் நண்பர், கறுப்பு வேட்டியைப் பார்த்ததும் "மன்னிச்சுக்க சாமி" என்று கையை மடக்கிக்கொண்டு தள்ளிப் போய்விடுகிறார். என்றைக்குத் தொடங்குவது என்பதற்கு ஒரு தேதி இருக்கிறது. பல முறை மலைக்குப் போய்வந்த குருசாமி ஒருவர் வழிகாட்டுகிறார். காலையும் மாலையும் குளியல், பூஜை என்று கைக்கும் மனத்துக்கும் வேலை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் விட்டிருக்கிறார் என்பது ஊருக்கே தெரியும்.

புகைப்பழக்கத்தை நிறுத்த உதவும் மருத்துவர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுவே. ஒரு தேதியைக் குறியுங்கள், சுற்றியிருப்பவர்களிடம் சொல்லுங்கள், சாம்பல் கிண்ணத்தையும் லைட்டரையும் வீட்டை விட்டு அகற்றுங்கள், தவிப்பு வரும்போது கூப்பிட ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். நம் பாட்டன் பூட்டன் இந்த ஏற்பாட்டை வேறு காரணத்துக்காகச் செய்து வைத்திருக்கிறார்கள். மாலை கழன்றதும் அத்தனையும் சேர்ந்து கழன்றுவிடுகிறது. அடுத்த நாள் வீட்டில் கோழிக்கறி. நண்பர் மறுபடியும் பெட்டியை நீட்டுகிறார். மனைவி, "அது அவருடைய பழக்கம்" என்று ஒதுங்கிவிடுகிறார். மனிதர் தனியாகிவிடுகிறார்.

தனியாக இருப்பது எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. எந்த உதவியும் இல்லாமல், மருந்தும் ஆலோசனையும் இல்லாமல், மனவுறுதியை மட்டும் நம்பி நிறுத்த முயல்பவர்களில் 6 மாதம் முதல் ஓராண்டு கழித்தும் தொடாமல் இருப்பவர்கள் 100க்கு 3 முதல் 5 பேர்தான். மிச்சமுள்ள 95 பேரும் மனவுறுதி இல்லாதவர்களா? அவர்களில் அதிகாலை 4 மணிக்கு எழுந்து லாரி ஓட்டி மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர் இருப்பார். அவருக்கா உறுதி இல்லை?

நம் நாட்டு நிலையையும் பார்ப்போம். சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100க்கு 21 பேர் புகைப்பிடிப்பவர்கள். ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 100க்கு 40 பேர். பெண்களில் ஒருவர் அளவுதான். ஆகவே பெரும்பாலான வீடுகளில் சிகரெட் பிடிப்பவர் ஆண். "விடுங்களேன்" என்று கெஞ்சுபவர் அம்மா, மனைவி அல்லது மகள்.

இங்கேதான் நம் வீட்டுக்கே உரிய ஒரு சிக்கல் வருகிறது. நம்மவர்கள் பெரியவர்கள் முன்னால் பிடிக்க மாட்டார்கள். 42 வயது மகன், அப்பாவின் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் சிகரெட்டை வாழைமரத்துப் பக்கம் எறிந்துவிட்டு வாயைக் கொப்பளிப்பார். மாமனார் வீட்டுக்குப் போனால் சட்டைப்பையில் ஏலக்காய் இருக்கும். அப்பாவுக்குத் தெரியும், தெரியாததுபோல் இருப்பார். மாமனாருக்கும் தெரியும். இதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறோம். மரியாதை நல்லதுதான், அதை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் பிடிப்பதே யாருக்கும் தெரியாது என்றால், விடும்போது யாரிடம் போய்ச் சொல்வது?

எங்கள் படப்பிடிப்புக் குழுவில் ஒளிப்பதிவாளர் ஒருவர் இருந்தார். நான்கு முறை நிறுத்திப் பார்த்தவர். நான்கு முறையும் வீட்டில் மூச்சு விடவில்லை. இரண்டாம் நாள் அவருக்கு எரிச்சல் தலைக்கேறும். பிள்ளையைத் திட்டுவார், தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போவார். "இந்த மனுசனுக்கு என்ன வந்துச்சு?" என்று வீட்டில் சண்டை. சண்டை வந்ததும் வெளியே நடப்பார். வெளியே நடந்தால் முச்சந்தியில் ஒட்டுக்கடை. ஐந்தாம் முறை மனைவியிடம் சொல்லிவிட்டுத் தொடங்கினார். "பத்து நாளைக்கு நான் மனுசனா இருக்க மாட்டேன், கொஞ்சம் பொறுத்துக்கம்மா" என்றாராம். அந்த அம்மாள் பத்து நாளும் அவர் கோபத்தைக் காய்ச்சல் மாதிரி எடுத்துக்கொண்டார். எதிர்த்துப் பேசவில்லை, அழவும் இல்லை. இன்றுவரை அவர் தொடவில்லை. அதற்கு அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அவரைக் கேட்டால் அதைத்தான் முதலில் சொல்வார்.

இன்னொன்றையும் இங்கே வைக்கிறேன். அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் என்ற ஊரில் 1948ஆம் ஆண்டு முதல் மக்களின் இருதய நலத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்து வருகிறார்கள். அந்த ஆய்வோடு தொடர்புடைய 12,067 பேரின் 1971 முதல் 2003 வரையிலான விவரங்களை நிக்கோலஸ் கிறிஸ்டாக்கிஸ், ஜேம்ஸ் ஃபௌலர் என்ற இரு ஆய்வாளர்கள் அலசி 2008இல் வெளியிட்டார்கள். கணவன் மனைவியரில் ஒருவர் விட்டுவிட்டால், மற்றவர் புகைப்பிடிப்பவராக இருக்கும் வாய்ப்பு 67 விழுக்காடு குறைந்தது. நண்பர் விட்டால் 36 விழுக்காடு. உடன்பிறந்தவர் விட்டால் 25 விழுக்காடு. ஒரே வட்டத்தில் இருந்தவர்கள் ஏறக்குறைய ஒன்றாகவே விட்டிருக்கிறார்கள். அண்ணன் சொல்லிக் கேட்காத தம்பி, கூட்டாளி விட்டதைப் பார்த்து விடுகிறார் என்றால், நம் இளைஞர் மன்றங்களும் ஆலய நிர்வாகங்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். காவடிக்குழுவில் பத்து பேர் ஒன்றாக விரதம் இருக்கிறார்கள். அந்தப் பத்துப் பேரும் 49ஆம் நாளையும் ஒன்றாகத் தாண்டினால் என்ன?

ஆதரவு என்ற பெயரில் நாம் செய்வது பெரும்பாலும் சொல்லிக்காட்டுவதுதான். "பக்கத்து வீட்டு அங்கிள் பார், ஒரே நாளில் விட்டார்." "உனக்குப் பிள்ளைகள் மேல் பாசமே இல்லை." "இன்னிக்கி எத்தனை?" இந்த மூன்றாவது கேள்வி மிகவும் ஆபத்தானது. இதற்கு உண்மையான பதில் கிடைக்கவே கிடைக்காது. பொய் சொல்லத்தான் அது பழக்கும். பெட்டியின் மேல் 2009 முதல் எச்சரிக்கைப் படங்களை அச்சிட்டு வருகிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டவரிடம் நாமும் போய்ப் பயம் காட்டுவதில் பெரிய பலன் இல்லை.

பயனுள்ளது எது என்றால், சின்னச் சின்ன வேலைகள். சிகரெட் பிடிக்கத் தூண்டும் தவிப்பு ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள்தான் நீடிக்கும். 5 நிமிடம் கடந்தால் பெரும்பாலும் தணிந்துவிடும். சாப்பிட்டு முடித்ததும் அது வரும் என்று தெரிந்தால், அந்த 5 நிமிடத்துக்குப் பக்கத்தில் இருங்கள். "வாங்க, குப்பையைப் போட்டுட்டு வரலாம்" என்று கூடவே நடந்துவிட்டு வாருங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு தே தாரிக்கும் சிகரெட்டும் இணை பிரியாதவை என்றால், இரண்டு வாரத்துக்கு அந்தத் தேநீரையும் மாற்றிப் பாருங்கள். நண்பர்களும் செய்யலாம். 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொடங்கி உணவகங்களில் புகைப்பிடிக்கத் தடை இருக்கிறது. பிடிப்பவர் 10 அடி தள்ளிப் போக வேண்டும். அந்த 10 அடிக்கு அப்பால் போகும் நண்பர், விட்டவரையும் "வாடா, சும்மா பேசிட்டு வரலாம்" என்று இழுத்துக்கொண்டு போகாமல் இருந்தாலே பெரிய உதவி.

அடுத்து, கிளினிக். அரசாங்க சுகாதார கிளினிக்குகள் பலவற்றில் இதற்கென்று தனிச் சேவை இருக்கிறது. சுகாதார அமைச்சு எம்குவிட் என்ற பெயரில் இதை நடத்துகிறது. எத்தனை சிகரெட், காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்று கேட்பார்கள். ஒரு கருவியில் ஊதச் சொல்வார்கள். மூச்சில் உள்ள கார்பன் மோனாக்சைடின் அளவு எண்ணாகத் தெரியும். நிறுத்திவிட்டு ஓரிரு நாள் கழித்து ஊதினால் அந்த எண் இறங்கியிருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பலருக்கு நூறு அறிவுரையை விட அந்த எண் உற்சாகம் தரும்.

நிக்கோட்டின் பசை மிட்டாய் கொடுத்தால், "சாப்பிட்டேன், தொண்டை எரிஞ்சது, தூக்கிப் போட்டுட்டேன்" என்பவர்கள் பலர். அது சாதாரண பபிள்கம் போல விடாமல் மெல்லும் பொருள் அல்ல. காரம் தெரியும் வரை மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் குறைந்ததும் மறுபடி மெல்ல வேண்டும். தோலில் ஒட்டும் பட்டையும் உண்டு, மாத்திரையும் உண்டு. எது பொருந்தும் என்பதை மருத்துவரோ மருந்தாளரோ சொல்வார். மருந்தும் ஆலோசனையும் சேரும்போது வெற்றி பெறும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல் கூடுகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. "நான் வேப்புக்கு மாறிட்டேன்" என்று சொல்லும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை: பகலில் வேப், ராத்திரியில் சிகரெட் என்று இரண்டையும் வைத்திருப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். கிளினிக்கில் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

உந்துதலுக்கு வருகிறேன். விரதத்தின் காரணம் சாமி. அந்தக் காரணத்துக்கு முடியும் தேதி உண்டு. சிகரெட்டை விடுவதற்கு முடியும் தேதி இல்லாத ஒரு காரணம் வேண்டும். அது அவரவர் சொந்தக் காரணமாக இருக்க வேண்டும். சிலருக்குப் பணம். ஒரு பெட்டி 17 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு ஒரு பெட்டி என்ற கணக்கில் வருஷத்துக்கு 6,205 ரிங்கிட். சிலருக்குப் பேரப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்வது. "எனக்கு 55 வயசாச்சு, இனிமேல் விட்டு என்ன பயன்?" என்பவர்களுக்கு ஒரு சேதி. பிரிட்டனில் ஆண் மருத்துவர்களையே 1951 முதல் 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, ரிச்சர்ட் டால் குழுவினர் 2004இல் முடிவை வெளியிட்டார்கள். புகைப்பழக்கத்தால் இழக்கும் ஆயுள் சராசரியாக 10 ஆண்டு. 30 வயதில் விட்டவர்கள் ஏறக்குறைய அத்தனையையும் மீட்டார்கள். 50 வயதில் விட்டவர்கள் 6 ஆண்டு, 60 வயதில் விட்டவர்கள்கூட 3 ஆண்டு மீட்டார்கள். மூன்று ஆண்டு என்பது ஒரு மகளின் கல்யாணம், ஒரு பேரனின் முதல் பள்ளி நாள்.

கடைசியாக, சறுக்கல். பலர் பல முறை முயன்ற பிறகே முழுமையாக விடுகிறார்கள். மூன்று வாரம் நன்றாக இருந்தவரின் சட்டையைத் துவைக்க எடுக்கும்போது ஒரு லைட்டர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "எனக்குத் தெரியும், உங்களால முடியாதுன்னு" என்று தொடங்கினால், மறுபடியும் ஏலக்காய்க்குப் போய்விடுவார். ஏன் என்று கேட்காதீர்கள். எங்கே, எந்த நேரத்தில், யாரோடு இருந்தபோது என்று கேளுங்கள். சாவு வீட்டிலா, இரவு ஷிஃப்டிலா, பந்து விளையாட்டு பார்த்துக்கொண்டிருந்தபோதா? அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது நீங்களும் கூடப் போய், அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள்.