கோப்பும் வழுவும்

மாத்தளை நகருக்கு வடக்கே, தம்புள்ளை செல்லும் பெருவழியின் அருகே அலுவிகாரை அமைந்திருக்கிறது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமினி அபயன் காலத்தில், அதுவரை பிக்குமார் வாய்மொழியாகவே காத்துவந்த திரிபிடகம் அங்கே ஓலையில் எழுதப்பட்டது என்பர். பஞ்சமும் போரும் மலிந்த காலம் அது. மனனம் செய்தோர் மாண்டால் அவர் மனத்திலிருந்த நூலும் மாண்டுபோகும் என்ற அச்சமே எழுத்தாணியை எடுக்க வைத்தது.

நினைவு வேறு, ஏடு வேறு. இவ்வேறுபாட்டை இன்றைய மாணவருக்கு உணர்த்துவது எளிதன்று. கைப்பேசியில் எழுதியது தானாகவே சேமிக்கப்படுகிறது. எங்கே, எப்படி என்று பிள்ளைகள் கேட்பதில்லை. ஆகவே நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு சிறு பொறியின் துணையோடு அதனை ஆராய்வோம்.

1964 ஆம் ஆண்டு அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜோன் கெமெனி, தோமஸ் கேர்ட்ஸ் என்னும் இரு பேராசிரியர்கள் தொடக்க மாணவர்க்கென ஒரு கணினி மொழியை ஆக்கினர். அதுவே பேசிக். 1981 இல் இங்கிலாந்தில் வெளிவந்த பி.பி.சி. மைக்ரோ என்னும் வீட்டுக் கணினி அம்மொழியையே பேசியது. 1984 இல் இந்தியா தொடங்கிய பள்ளிக் கணினித் திட்டத்திலும் மாணவர் கைக்கு வந்தது இப்பொறிதான். அதன் ‘பி’ வகையில் நினைவகம் 32 கிலோபைட்டு மட்டுமே. மின்சாரம் நின்றால் அவ்வளவும் மறைந்துவிடும். நிலைக்க வேண்டியதை ஒலிநாடாவிலோ தட்டிலோ கோப்பாக எழுதியாக வேண்டும்.

ஒரு வகுப்பின் புள்ளி இடாப்பை நாடாவில் எழுதுவதாகக் கொள்வோம். ‘ஓப்பன்அவுட்’ என்னும் கட்டளை கோப்பைத் திறக்கும், ‘பிரிண்ட்’ ஒவ்வொரு பெயரையும் புள்ளியையும் எழுதும், ‘குளோஸ்’ மூடும். இவற்றுள் மூன்றாவதைத்தான் பலரும் மறப்பர். மறந்தால் என்ன கெட்டுவிடும்? கணினி ஒவ்வோர் எழுத்தையும் உடனுக்குடன் நாடாவுக்கு அனுப்புவதில்லை. 256 பைட்டு சேர்ந்த பின்னரே ஒரு கட்டாக அனுப்பும். எட்டு ஆங்கில எழுத்துகள் கொண்ட பெயருக்கு 10 பைட்டு, முழு எண்ணாகிய புள்ளிக்கு 5 பைட்டு, ஆக மாணவர் ஒருவருக்கு 15 பைட்டு. நாற்பது பேருக்கு 600 பைட்டு. இரண்டு கட்டுகள், அதாவது 512 பைட்டு, நாடாவை அடைந்துவிடும். எஞ்சிய 88 பைட்டும் மூடும் கட்டளைக்காக நினைவகத்திலேயே காத்திருக்கும். மூடாமல் மின்சாரத்தை நிறுத்தினால் இடாப்பின் இறுதியிலுள்ள ஆறு பிள்ளைகளின் புள்ளிகள் முழுமையாக வந்து சேரா. திரையில் அவை அனைத்தையும் கண்ட ஆசிரியர் ஐயுறவும் மாட்டார். எழுதுவது பாதி வேலை; மூடுவதே முழு வேலை.

இனி வழுவைப் பார்ப்போம். நம் இலக்கணத்தார் வழு என்றும் வழுவமைதி என்றும் இரண்டாகப் பிரித்தனர். பசுவைப் பார்த்து அன்பு மிகுதியால் ‘அம்மா வந்தாள்’ என்றால் அது திணை வழு. ஆயினும் உவப்பு என்னும் காரணம் தெரிந்திருப்பதால் அமைதி பெறுகிறது. காரணம் தெரியாத வழுவுக்கு அமைதி இல்லை. பேசிக்கிலும் அஃதே நெறி.

வழு நேர்ந்தால் செய்ய வேண்டியதை முன்கூட்டியே சொல்லிவைக்க ‘ஆன் எரர்’ என்னும் கட்டளை உண்டு. ஒரு மாணவன் இவ்வாறு எண்ணுகிறான்: ‘இல்லாத கோப்பை வாசிக்க முயன்றால் வழு உண்டாகும். ஆகவே வழு உண்டானால் புதுக்கோப்பைத் திறந்துவிடலாம்.’ கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கோப்பைத் தொடுமுன்னரே, வேறொரு வரியில், மாறியின் பெயரை அவன் பிழையாக எழுதியிருந்தால்? அதுவும் வழுவே. கணினி சொன்னபடி செய்யும்: புதுக்கோப்பைத் திறக்கும். தட்டிலே அதே பெயரில் முன்பிருந்த கோப்பு அழிந்துபோகும். ஓர் எழுத்துப்பிழை ஒரு தவணையின் புள்ளிகளை விழுங்கிவிட்டது. திரையிலோ ஒரு சொல்லும் தோன்றவில்லை.

இதற்கு மருந்து அம்மொழியிலேயே உண்டு. கோப்பை வாசிப்பதற்காகத் திறக்கும்போது கணினி ஓர் எண் தரும். அது 0 ஆயின் கோப்பு இல்லை என்பது பொருள். அதை முதலிலேயே பார்த்துவிட்டால் அங்கே வழு நேராது. மேலும் ஒவ்வொரு வழுவுக்கும் தனி எண் உண்டு: தெரியாத மாறிக்கு 26, தவறான கோப்பு வழிக்கு 222. வழு நேர்ந்த வரியின் எண்ணையும் கணினி சொல்லும். காரணம் அறிந்த வழுவுக்கு மட்டும் அமைதி கூறுக. மற்றவற்றுக்கு வழுவின் பெயரையும் வரி எண்ணையும் திரையில் காட்டி, திறந்துள்ள கோப்புகளை எல்லாம் மூடி, நிரலை நிறுத்துக. நின்றுவிட்ட நிரல் ஒரு மணி நேரத்தைக் கெடுக்கும். வழுவை மறைத்து ஓடும் நிரலோ ஓராண்டு உழைப்பைக் கெடுக்கும்.

இத்துணை கவனத்தோடு எழுதிய கோப்பும் ஒரேயொரு நாடாவில் இருந்தால் போதுமா? 1848 ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது அலுவிகாரையின் ஏட்டு நூலகம் அழிந்தது. ஆயினும் திரிபிடகம் அழியவில்லை. அதன் படிகள் பிற விகாரைகளிலும் கடல் கடந்த நாடுகளிலும் இருந்தன. படி எடுப்பது எழுதுவோனின் கடைசிக் கடமை.

பி.பி.சி. மைக்ரோவைப் போலவே இயங்கும் பாவனை நிரல்களை இன்று எந்தக் கணினியிலும் இலவசமாகப் பெறலாம். பாடசாலைகளில் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கினாலும் போதும். கோப்பை மூடாமல் விட்டு, இடாப்பின் கடைசிப் பெயர்கள் மறைவதை மாணவர் தம் கண்ணாலேயே காணட்டும். நாளை மருத்துவமனையிலோ வங்கியிலோ பிறருடைய கணக்குகளைக் கையாளப்போகும் பிள்ளைகள் அவர்கள். வழு நேர்ந்த இடத்தை ஒளிக்காமல் சொல்லும் பழக்கத்தை, ஆறு பேரின் புள்ளிகள் மட்டுமே பணயமாயிருக்கும் இளமையிலேயே அவர்கள் கற்றுக்கொள்வது நல்லது.