பழைய காரும் பதினாறு வயதும்



என் மகனுக்கு வயது 16. லைசென்ஸ் எடுக்க இன்னும் 2 வருடம் இருக்கிறது. மலிவாக ஒரு பழைய மாருதி 800 வாங்கினேன். அவன் கேட்டது பாட்டுப் பெட்டியும் புதுப் பெயிண்டும். நானோ முதலில் பிரேக்கில் கைவைத்தேன். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி, மிதித்தாலும் வண்டி நிற்காது. எங்கள் வண்டியில் அது காப்பி நிறத்தில் வந்தது! அவன் உள்ளே அமர்ந்து மிதித்துப் பிடிக்க, நான் சக்கரத்தடியில் நிப்பிளைத் திறக்க, குமிழி நிற்க அரை நாளாயிற்று. “பிடி”, “விடு” தவிர வேறு பேச்சில்லை. (எங்களுக்குள் அதுவே அதிகம்.)

சாயங்காலம், “அப்பா, பின்சீட்டுக்கும் பெல்ட் போடலாமா? தங்கச்சி அங்கேதானே உட்காருவாள்?” என்றான். பாட்டுப் பெட்டிக்கு வைத்திருந்த பணம் அதற்குப் போயிற்று.