பக்கத்து இருக்கையில் இருந்தவர்

இன்று நாம் புனித திருமுழுக்கு யோவானின் பாடுகளை நினைவுகூர்கிறோம். ஏரோதின் திருமணம் முறையற்றது என்று சொன்னதற்காகத் தலையை இழந்தவர் அவர். யோவான் பாலைநிலத்து மனிதர். அரண்மனையில் அவருக்கு இருக்கை கிடையாது. தலைவரின் பக்கத்து இருக்கையில் இருப்பவரே அப்படிச் சொல்ல நேர்ந்தால்?

வில்லியம் லா என்பவருக்கு அது நேர்ந்தது. அயர்லாந்தில் பிறந்து, கனடாவில் மார்மன் சபையில் சேர்ந்தவர். 1841இல், அமெரிக்காவின் நாவூ நகரில், சபை நிறுவனர் ஜோசப் ஸ்மித்தின் இரண்டாம் ஆலோசகரானார். ஸ்மித்தை இறைவாக்கினர் என்றே நம்பினார். 1843இல் ஸ்மித்தின் அண்ணன் ஹைரம் அவரிடம் ஓர் எழுத்துப்படியைக் கொடுத்தார். பலதார மணம் கடவுள் வெளிப்படுத்திய சட்டம் என்றது அது. லா அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி ஜேனிடம் காட்டினார்.

ஆபிரகாமுக்கும் யாக்கோபுக்கும் பல மனைவியர் இருந்தார்களே என்று அந்த எழுத்து வாதாடியது. நம்மிலும் சிலர் கேட்கும் கேள்விதான். பரிசேயர் மோசேயைக் காட்டி மணவிலக்கு பற்றிக் கேட்டபோது, இயேசு குலமுதுவர்களின் பழக்கத்தைத் தேடிப் போகவில்லை. படைப்பின் தொடக்கத்துக்கே போனார். அங்கே இருந்தவர்கள் இருவர் மட்டுமே.

லா தம்பதியர் ஏற்க மறுத்தார்கள். 1844 ஏப்ரலில் இருவரும் சபையிலிருந்து விலக்கப்பட்டார்கள். ஜூன் 7 அன்று லாவும் நண்பர்களும் ஒரு செய்தித்தாள் வெளியிட்டார்கள். தாங்கள் வாசித்ததைக் கணவனும் மனைவியும் தனித்தனியே உறுதிமொழியாக அதில் எழுதினார்கள். அந்தத் தாளுக்கு இரண்டாம் இதழ் வரவில்லை. மூன்றாம் நாளே, மேயராயிருந்த ஸ்மித்தும் நகரமன்றமும் இட்ட ஆணையால் அச்சகம் அழிக்கப்பட்டது. அதற்காகக் கைதான ஸ்மித்தையும் ஹைரமையும் ஜூன் 27 அன்று கார்த்தேஜ் சிறையில் ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. அந்தக் கொலையை எந்த மனச்சான்றும் ஏற்காது. உண்மை பேசியவர் பக்கம் நிற்கும் நாமும் அதை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

பின்னர் யூட்டாவுக்குக் குடிபெயர்ந்த மார்மன் சபையினர் 1852இல் பலதார மணத்தை வெளிப்படையாக அறிவித்தார்கள். 1890இல் சபைத் தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் அதைக் கைவிடுமாறு அறிக்கை விடுத்தார். இன்று அந்தச் சபையில் பலதார மணம் செய்பவரே விலக்கப்படுகிறார். அந்த அறிக்கை வந்தபோது லாவுக்கு வயது 81. விஸ்கான்சினில் மருத்துவராக வாழ்ந்திருந்த அவர், அந்தச் சபைக்குத் திரும்பாமலே 1892இல் இறந்தார்.