வெளிறிய கறுப்பு



சொந்த ஊரை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் ஆமதாபாத்திலும் நாகபுரியிலும் குடியமர்ந்து வாழும் நம்மில் பலருக்கு மோட்டார் வண்டி இன்று ஆடம்பரப் பொருளன்று. பல்லாண்டுத் தவணை கட்டி, வீட்டுச் செலவைச் சுருக்கி வாங்கிய உடைமை அது. அவ்வண்டியின் வண்ணம் பூசிய பகுதிகள் ஐந்தாறு ஆண்டுகள் கழிந்த பின்னும் பொலிவுடன் விளங்க, பம்பரின் அடிப்பகுதியும், சக்கரங்களுக்கு மேலுள்ள கறுப்பு வளைவுகளும், கதவுகளின் மேல் ஓடும் கறுப்புப் பட்டைகளும், முன்கண்ணாடியின் அடியில் வைப்பர்கள் படிந்திருக்கும் தட்டும் சாம்பல் பூத்து நிற்கின்றன. அது காரணமாக வண்டி முழுவதும் மூப்படைந்ததுபோல் தோன்றுகிறது. இவ்வெளிறல் எதனால் நேர்கிறது, அதனை மாற்ற எது தகும், எது தகாது என்பவற்றை இன்று ஆராய்வோம்.

இஃது அழகை மட்டும் பற்றிய பேச்சன்று. வெளிறலை அழுக்கென்று எண்ணி உப்புத்தாள் கொண்டு தேய்த்துப் பொருளைப் பாழாக்கினோர் உண்டு. தீச்சுவாலையைக் காட்டி உருக்கினோரும் உண்டு. பணிமாற்றத்தின்போது வண்டியை விற்க நேர்ந்து, இச்சாம்பல் நிறத்தின் பொருட்டே விலை குறைத்துக் கேட்கப்பட்டோர் பலர். ஆதலின், செய்யும் செயலுக்கு முன் காரணத்தை அறிதல் நலம்.

பழைய அம்பாசிடர் வண்டிகளை நினைவுகூருங்கள். அவற்றின் பம்பர்கள் குரோமியப் பூச்சுப் பெற்ற எஃகினால் ஆனவை. அவை துருப்பிடித்தனவேயன்றி வெளிறியதில்லை. பிளாஸ்டிக் பம்பர்கள் பிற்காலத்து வரவு. இன்றைய வண்டிகளில் வண்ணம் பூசாது விடப்படும் கறுப்புப் பகுதிகள் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கினால் ஆனவை. இத்தாலிய அறிஞர் ஜூலியோ நாட்டா 1954ல் இப்பொருளை மூலக்கூறுகள் ஒழுங்குற அமைந்த வடிவில் உருவாக்கினார். 1963ல் ஜெர்மானிய அறிஞர் கார்ல் சீக்லருடன் வேதியியலுக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். எடை குறைவு, விலை மலிவு, சிறு மோதலைத் தாங்கி மீளும் இயல்பு ஆகியவற்றால் வண்டித் தொழில் இப்பொருளை விரும்பி ஏற்றது. மோதலைத் தாங்கச் செயற்கை ரப்பரையும், விறைப்புக்காக டால்க் என்னும் மாக்கல் பொடியையும், நிறத்துக்காகக் கரிப்பொடியையும் அதனோடு கலக்கின்றனர்.

இப்பொருளின் பகை கதிரவனின் புறஊதாக் கதிர். பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள் போன்றவை. புறஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் கூடி அச்சங்கிலிகளை அறுக்கின்றன. இதனைத் தடுக்கவே தொழிற்சாலையில் காப்பு மருந்துகள் சேர்க்கப்படுகின்றன. கரிப்பொடியும் ஓரளவு கதிரை விழுங்கிக் காக்கிறது. எனினும் ஆண்டுகள் செல்லச் செல்லக் காப்பு தேய்கிறது. மேற்பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத நுண்பிளவுகள் தோன்றுகின்றன. உள்ளிருந்த மாக்கல் பொடி வெளிப்படுகிறது. அப்பரப்பின்மேல் விழும் ஒளி பல திசைகளிலும் சிதறுவதால் நம் கண்ணுக்குச் சாம்பல் நிறம் தோன்றுகிறது.

இங்கே மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு: கறுப்பு எங்கும் போய்விடவில்லை. கெட்டது மேல்தோல் மட்டுமே. அடியில் கரிப்பொடி இருந்தபடியே இருக்கிறது. உலர்ந்த கற்பலகை வெளிறித் தோன்றி, நீர் பட்டவுடன் கறுப்பதை நாம் பள்ளி நாளிலேயே கண்டிருக்கிறோம். வெளிறிய பம்பரும் அவ்வாறே நனைந்தால் கறுக்கும், உலர்ந்தால் மீண்டும் வெளிறும். பிளவுகளில் நீர் நிரம்புவதால் ஒளிச்சிதறல் குறைவதே அதன் காரணம். இதனையே ஒரு சோதனையாகவும் கொள்ளலாம். நனைத்த பின்னும் வெண்மை பள்ளங்களில் தங்கி நின்றால், அது வெயிலின் வேலை அன்று. வண்ணப் பகுதிக்குப் பூசிய மெழுகு இங்கே வழிந்து காய்ந்ததாகவோ, ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்புக் கறையாகவோ இருக்கலாம்.

வடபுலத்தில் வாழ்வோர் கவனிக்கத்தக்க மற்றொரு செய்தி உண்டு. சென்னையில் ஜூன் மாத நண்பகலில் கதிரவன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். தில்லியோ கடகரேகைக்கு வடக்கே உள்ளது. அங்கே நண்பகல் கதிரவன் ஆண்டு முழுவதும் தென்பாலே நிற்கும். ஆகவே நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே திசை நோக்கி நிறுத்தப்படும் வண்டியின் தெற்குப் பக்கம் முந்தி வெளிறுவது இயல்பு. வாரம் ஒருமுறை வண்டியைத் திருப்பி நிறுத்துதல் செலவில்லாத காப்பு.

இனித் தூய்மை செய்யும் முறையைக் காண்போம். எப்பூச்சும் தூய்மைக்குப் பிற்பட்டதே. வண்டியை நிழலில் நிறுத்தி, அது குளிரும்வரை காத்திருக்க வேண்டும். சூடான பரப்பில் சோப்பு நீர் காய்ந்து கறையாகும். முதலில் நிறைய நீர் ஊற்றி மணலையும் புழுதியையும் அகற்றுக. பின்னர் வண்டி கழுவுவதற்கென்று விற்கும் ஷாம்பூவை நீரில் கலந்து, மென்மையான தூரிகையால், சொரசொரப்பான பள்ளங்களின் உட்புறமும் படுமாறு தேய்க்க வேண்டும். மூலைகளுக்குப் பழைய பல்துலக்கியே போதும். மெழுகுக் கறைக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் நீரும் சம அளவில் கலந்து துணியில் தோய்த்துத் துடைக்கலாம். உப்புக் கறைக்கு நீர் கலந்த வினிகர் உதவும். அதன்பின் நல்ல நீரால் கழுவிவிட வேண்டும். முடிவில் துணியால் துடைத்து, இடுக்குகளிலுள்ள ஈரமும் நீங்க ஒரு மணி நேரம் உலரவிடுக. சில வண்டிகளில் இவ்வளவில் பாதி வெளிறல் மறைந்துவிடுவதைக் காணலாம். அப்பாதி அழுக்கும் மெழுகுமே.

அடுத்து, செய்யத் தகாதவற்றைக் கூறுவோம். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நாள்தோறும் காலையில் வந்து வண்டி துடைக்கும் தொழிலாளர் பலர் டீசலையோ பழைய எஞ்சின் எண்ணெயையோ துணியில் தோய்த்துக் கறுப்புப் பகுதிகளில் தடவுவதுண்டு. உடனே பளபளப்புத் தோன்றும். ஆனால் எண்ணெய் நுண்பிளவுகளை நீரைப்போல் தற்காலிகமாக நிரப்புகிறதேயன்றிப் பிளவை ஆற்றுவதில்லை. புழுதி அதன்மேல் ஒட்டும். முதல் மழையில் வழிந்து வண்ணப் பகுதியில் கோடிடும். கலவையிலுள்ள ரப்பரும், அருகிலுள்ள கதவு ரப்பர்களும் எண்ணெயை உறிஞ்சி ஊதித் தளரும். பழைய எஞ்சின் எண்ணெய் தொடர்ந்து தோலில் படுவது அத்தொழிலாளரின் உடலுக்கும் தீங்கு. ‘பையா, டீசல் வேண்டாம்’ என்று நயமாகச் சொல்லி, தூய துணியும் ஒரு வாளி நல்ல நீரும் கொடுத்தால் வண்டியும் பிழைக்கும், அவர் கையும் பிழைக்கும். பெட்ரோலும் தின்னரும் கொண்டு துடைத்தல் இதனினும் தீது. தேங்காயெண்ணெய் அத்துணைத் தீங்கு செய்யாதெனினும் சில நாட்களில் மறைந்து, ஒட்டிய புழுதியை மட்டும் விட்டுச்செல்லும்.

அனைத்திலும் அஞ்சத்தக்கது நெருப்பு. சூடான காற்றை ஊதும் கருவியையோ வாயுச் சுவாலையையோ பரப்பின்மேல் ஓட்டினால் நொடியில் கறுப்பு மீள்கிறது. அதனைக் கண்டு வியப்போர் பலர். மேல்தோல் உருகிப் பிளவுகள் மூடிக்கொள்வதே அங்கு நிகழ்வது. தேய்ந்துபோன காப்பு மருந்து அதனால் திரும்புவதில்லை. எனவே வெளிறல் மீண்டும் வரும். பாலிபுரோப்பிலீன் சுமார் 160 டிகிரி செல்சியஸில் உருகுவது. அக்கருவியின் காற்றோ பல நூறு டிகிரி வெப்பமுடையது. கை சற்றே தாமதித்தால் சொரசொரப்பு அழிந்து வழவழப்பான திட்டு விழும், பட்டை நெளியும், அருகிலுள்ள வண்ணம் கொப்புளிக்கும். மேலும் தில்லி, மும்பை, குஜராத்தில் நம்மவர் வண்டிகள் பல அழுத்திய இயற்கை எரிவாயுவில் ஓடுகின்றன. அத்தகைய வண்டியின் அருகில் சுவாலை ஏந்துவது சிறிய கறையைப் போக்கப் பெரிய ஆபத்தை அழைப்பதாகும். பெட்ரோல் வண்டிக்கும் இவ்வறிவுரை பொருந்தும்.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? இருவகைப் பூச்சுகள் உள்ளன. முதல்வகை, சிலிகோன் கலந்த மெருகு நீர்மம். நீரை அடிப்படையாகக் கொண்டதைத் தேர்ந்து, பஞ்சு ஒன்றில் சில துளிகள் இட்டு மெல்லியதாகப் பூசி, சில நிமிடங்களுக்குப் பின் மிகுதியைத் துடைத்துவிட வேண்டும். மிகுதியாகப் பூசினால் மிகுதியாகக் கறுக்கும் என்பது தவறான எண்ணம். மிகுந்தது வழியும், புழுதியைச் சேர்க்கும். இது சில வாரங்கள் நிற்கும். மிதிகட்டைகளிலும், ஸ்டியரிங் வளையத்திலும், டயரின் தரை தொடும் பகுதியிலும், பிரேக் தட்டுகளிலும் இது பட்டால் வழுக்கும். அங்கெல்லாம் படாமல் காக்க வேண்டும்.

இரண்டாம் வகை, காய்ந்து இறுகும் பூச்சு. இது பிளவுகளில் புகுந்து கெட்டிப்பட்டு மாதக்கணக்கில் நிற்பது. விலை மிகுதி, பொறுமையும் மிகுதியாக வேண்டும். மெருகோ எண்ணெயோ சிறிதளவு எஞ்சியிருந்தாலும் இது பற்றாது. பக்கத்து வண்ணப் பகுதிகளை ஒட்டுத்தாளால் மறைத்து, காணாத மூலையொன்றில் சோதித்துப் பார்த்த பின்னரே பூச வேண்டும். பூசிய பின் பெட்டியில் குறித்துள்ள காலம் முடியும்வரை நனையலாகாது. சாதாரண வண்ணத்தைத் தூவிவிட்டால் போதுமே எனின், பாலிபுரோப்பிலீன்மேல் வண்ணம் எளிதில் ஒட்டுவதில்லை. அதற்கெனத் தனியே உள்ள அடிப்பூச்சு இன்றித் தூவப்படும் வண்ணம் தோல்போல் உரியும். பட்டை வெடித்தோ உடைந்தோ போயிருந்தால், மாற்றுவதே முறை. வெளிறல் மட்டும் இருக்கையில் முழு பம்பரையும் மாற்றச் சொல்வாரிடம் காரணம் கேட்கத் தயங்கவேண்டாம்.

பழைய வண்டி வாங்குவோருக்கும் இவ்வறிவு பயன்படும். மிகப் பளபளக்கும் கறுப்புப் பட்டையை வெண்மையான ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் பிசுக்கோ கறுப்போ ஏறினால் அப்பளபளப்பு அன்று காலையில் பிறந்தது என்று கொள்ளலாம். அதனால் எஞ்சின் பழுது என்று பொருளன்று. வண்டி வெயிலில் நின்று வளர்ந்தது என்று அறிந்து விலை பேசலாம்.

வந்தபின் மாற்றுவதினும் வருமுன் காத்தல் எளிது. கூரையோ மர நிழலோ முதன்மையான காப்பு. உறையிடுவோர் புழுதியைக் கழுவிய பின்னரே இடுக. இல்லையேல் காற்றில் உறை அசைந்து வண்ணத்தைக் கீறும். மெழுகு பூசும் நாளில் கறுப்புப் பகுதிகளை ஒட்டுத்தாளால் மறையுங்கள். ஹோலிப் பண்டிகைக்கு முதல்நாள் மெல்லிய மெருகு பூசிவையுங்கள். வண்ணப்பொடி நுண்பிளவுகளில் புகுந்து நிலைத்துவிடாமல் கழுவ எளிதாகும். மும்பையில் மழைக்காலம் முழுவதும் மெருகு நிற்காது. மழை ஓய்ந்த பின் பூசுவதே சிக்கனம்.

வெயிலை நாம் நிறுத்த இயலாது. அதன் வேலையைத் தாமதப்படுத்தவும், அது செய்த காயத்தை மேலும் பெரிதாக்காமல் மறைக்கவும் இயலும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, ஒரு வாளி நீர், ஒரு பழைய தூரிகை, ஒரு சிறு குப்பி மெருகு, ஒரு நிழலிடம்: பெரும்பாலான வண்டிகளுக்கு இவை போதும். கழுவாத பரப்பில் எதையும் பூசாதீர்கள். நெருப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் அணுகவிடாதீர்கள்.