பரணில் இருக்கும் பொருள்கள்

(சுருத பஞ்சமி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

வந்தவாசி, திண்டிவனம், செஞ்சி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் தமிழ்ச் சமணர் இல்லங்கள் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. உழவையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்த குடும்பங்களின் மக்கள் கல்வியையும் பணியையும் நாடி நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். மேல்சித்தாமூர்த் தேர்த் திருவிழாவை ஒட்டி ஊர் திரும்புவோர் கதவைத் திறந்து, திண்ணையைக் கூட்டி, ஓரிரவு தங்கிச் செல்வர். பின்னர்ப் பங்காளிகள் உடன்பட்டு வீட்டை விற்கும் நாளும் வரும். அந்நாளில் பத்திரம், பட்டா, எல்லை, அளவு யாவும் ஒழுங்காகப் பேசப்படும். பரணில் உள்ளவற்றைப் பற்றி மட்டும் எவரும் பேசுவதில்லை. பழைய பாத்திரம் வாங்குவோர் தராசுடன் வருவார். செம்புக்கு ஒரு விலை, பித்தளைக்கு ஒரு விலை, மரச்சாமான் அடுப்புக்கு. அரை நாளில் எல்லாம் முடிந்துவிடும்.

அங்ஙனம் அடுப்புக்குப் போகும் பொருள்களுள் ஒன்று மரக்கால். 8 படி கொண்டது ஒரு மரக்கால். 12 மரக்கால் கொண்டது ஒரு கலம். களத்தில் நெல் அளப்போர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்னாது ‘இலாபம்’ என்று சொல்லியே எண்ணத் தொடங்குவர். விற்கும்போது தலைதட்டி அளப்பதும், கூலி கொடுக்கும்போது குவித்து அளப்பதும் பெருந்தன்மையுடையோர் வழக்கம். எந்த வீட்டார் குவித்து அளந்தனர், எந்த வீட்டார் கூலிக்கும் தலைதட்டினர் என்பதை ஊர் இரண்டு தலைமுறைக்கு மறவாது வைத்திருந்தது. 1956ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டத்தை அடுத்துக் கிலோகிராமும் லிட்டரும் வந்தபின் மரக்கால் பரண் ஏறியது. அதன் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்திருப்பதைக் காண்போர் பழுதென்று கருதக்கூடும். அஃது ஒரு குடும்பத்தின் கை பட்டுத் தேய்ந்த இடம்.

இங்கே ஒரு தடை எழுவது இயல்பு. அபரிக்கிரகத்தை நோன்பாகக் கொண்ட சமயத்தார் பழம்பொருளைக் கட்டிக்கொண்டு அழலாமா? இக்கேள்வியைப் புறந்தள்ளுதல் தகாது. வீட்டைக் காலி செய்யும் இளைஞர் பலர் இதையே சொல்கின்றனர். அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. தத்துவார்த்த சூத்திரம் அருளிய உமாஸ்வாமி, பரிக்கிரகம் என்பது பொருளின்பால் கொள்ளும் மயக்கமே என்று வரையறுத்தார். அவ்வரையறையின்படி, பத்துப் பொருளை வைத்திருப்போர் பற்றற்றவராகவும், ஒன்றுமில்லாதார் பற்றுடையவராகவும் இருத்தல் கூடும். ஆகவே எத்தனை பொருள் என்பதைவிட, எதற்காக என்பதையே முதலில் வினவுதல் வேண்டும்.

முற்றத் துறந்த திகம்பர முனிவரும் மூன்று பொருள்களை வைத்துக்கொள்வர்: உயிர்களை ஊறின்றி விலக்க மயிற்பீலி, தூய்மைக்குக் கமண்டலம், அறிவுக்கு நூல். இம்மூன்றுள் பீலியின் வரலாறு குடும்பங்களோடு தொடர்புடையது. மயில் தானே உதிர்த்த இறகுகளால் கட்டப்படும் பீலி, நாள்தோறும் தரையையும் இருக்கையையும் வருடிவர மென்மை இழந்துவிடும். மென்மை இழந்த பீலி உயிர்க்கு ஊறு செய்யும் என்பதால், மழைக்கால வாசம் முடிந்தபின் புதிய பீலி அளிக்கப்படும். பழைய பீலியை, நோன்பு ஏற்கும் இல்லறத்தார் ஒருவர் பெற்றுக்கொள்வார். அது பின் அவ்வீட்டுச் சுவரில் இருக்கும். விலை மதிப்பில்லை, இறகும் பாதி உதிர்ந்திருக்கும். ஆயினும் அவ்வில்லத்தில் ஒருவர் ஒரு நாளில் ஓர் உறுதி ஏற்றார் என்பதற்கு அதுவே சான்று. ஏற்றவர் மறைந்தபின், ஏற்ற உறுதி யாது என்று பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாமற்போனால், அது குப்பைக்குப் போகும் பழைய இறகுக் கட்டு மட்டுமே.

நீர் வடிக்கும் துணியும் அத்தகையது. 36 விரல் நீளமும் 24 விரல் அகலமும் உள்ள துணியை இரண்டாக மடித்து நீரை வடித்தல் வேண்டும் என்பது பழைய விதி. வடித்த நீர் ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம், மட்டுமே பருகத் தக்கது. துணியில் தங்கியவற்றைத் தரையில் உதறாது, வடித்த நீரால் அலசி, எடுத்த கிணற்றிலேயே மெல்ல விடுவர். குழாயும் இயந்திர வடிப்பானும் வந்தபின் துணியின் தேவை குறைந்தது உண்மையே. இயந்திரம் நீரைக் குடிப்போர் நலனுக்காகத் தூய்மை செய்கிறது. துணியோ நீரில் வாழும் உயிரைக் கருதிப் பிடிக்கப்பட்டது. அவ்வுயிரைத் திரும்பக் கொண்டுபோய் விடும் வேலை வேறு எந்தக் கருவியிடமும் இல்லை. துணியை எவரும் காத்து வைத்ததில்லை, கிழிந்தால் மாற்றினர். கழுத்துப் பகுதி நெளிந்த செப்புக்குடம் மட்டும் எஞ்சியிருக்கிறது.

இனிச் சுவடிக்கு வருதல் தகும், இத்திருநாளே அதற்குரியது. புஷ்பதந்தரும் பூதபலியும் ஷட்கண்டாகமத்தை நூலாக்கி நிறைவித்ததன் நினைவாகச் சுருத பஞ்சமி கொண்டாடப்படுகிறது. அன்று ஏடுகளை எடுத்து, தூசி தட்டி, சுற்றிய துணியை மாற்றிப் போற்றுவர். வழிபாடும் பராமரிப்பும் ஒரே செயலாக அமைந்த இவ்வேற்பாட்டின் நுண்மையை வியவாதிருக்க இயலாது. ஆண்டுக்கு ஒருமுறை காற்றுப்படாத ஏட்டைக் கரையான் கொண்டுபோய்விடும் என்பதை முன்னோர் அறிந்திருந்தனர். மூடபிதிரியில் காக்கப்பட்ட ஏடுகள் இருந்தமையாலன்றோ, 1939ஆம் ஆண்டு முதல் ஹீராலால் ஜெயின் அவ்வாகமத்தின் தவளை உரையை அச்சிற் கொணர முடிந்தது!

தமிழிலும் அதற்கு ஒப்பான சான்று உண்டு. உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த காலத்தில், 1880இல் சேலம் இராமசாமி முதலியார் அவரைச் சீவக சிந்தாமணியின்பால் திருப்பினார். நூலில் வரும் சமணக் கருத்துகள் ஐயருக்கு விளங்கவில்லை. அவ்வூர்ச் சமணர் வாழும் தெருவுக்குச் சென்றார். சென்ற வீட்டின் வாயிலில் கோலமும் தோரணமும் இருக்கக் கண்டு, யாது விசேடம் என்று வினவினார். சிந்தாமணி படித்து அன்று நிறைவு செய்ததாக விடை வந்தது. கல்லூரியில் அரிய நூலென்று தேடப்பட்டது, ஒரு வீட்டில் பாராயண நூலாக வாழ்ந்துகொண்டிருந்தது. அவர்களிடம் ஐயம் தெளிந்து, 1887இல் ஐயர் அதைப் பதிப்பித்தார். அந்த வீட்டார் ஏட்டை வெறும் சொத்தாகப் பூட்டி வைத்திருந்தாலோ, பழையதென்று ஆற்றில் விட்டிருந்தாலோ, தமிழுக்கு நேர்ந்திருக்கும் இழப்பை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சுவடியின் இறுதி ஏட்டைப் பலர் கருதுவதில்லை. எழுதி முடித்த ஆண்டு, மாதம், எழுதியவர் பெயர், எவர்பொருட்டு எழுதப்பட்டது என்பனவெல்லாம் சில சுவடிகளில் அங்கேதான் இருக்கும். நூல் வேறெங்கும் அச்சில் கிடைக்கலாம். அந்த ஏடு ஒன்றே ஒன்று.

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. அங்கே சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த இடத்தைக் குறிக்கும் பழங்கல்வெட்டும் உள்ளது. ஒரு பெயர், ஓர் எண்ணிக்கை, ஓர் இடம், அவ்வளவே. ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும் அவர் மறக்கப்படவில்லை. வீட்டுப் பொருள்களுக்கு அத்தகைய எழுத்து ஒன்றும் இல்லை என்பதே இடர்.

நகரத்துச் சிறு வீட்டில் பத்தாயத்தை வைக்க இயலாது. வைக்கவேண்டும் என்று எவரும் கேட்கவும் இல்லை. ஏடுகளைக் காக்க இயலாதோர் சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தையோ, உ.வே.சா. நூலகத்தையோ நாடலாம். கொடுக்கும் முன் இறுதி ஏட்டைப் படியெடுத்துக்கொள்ளுதல் நன்று. மரக்காலுக்கும் செப்புக்குடத்துக்கும் பீலிக்கும் ஒரு துண்டுத் தாள் போதும்: யாருடையது, எங்கிருந்து வந்தது, எதற்குப் பயன்பட்டது. இவற்றைச் சொல்லக்கூடிய பாட்டியார் பல இல்லங்களில் இன்னும் இருக்கின்றனர். பிற்பகல் உறக்கம் நீங்கி எழுந்தபின், பொருளைக் கையில் கொடுத்துக் கேட்டால் சொல்வர்.