வட்டத்துக்குள் ஓர் ஊர்



சீனக் கட்டடக் கலை என்றதும் பெய்ஜிங் அரண்மனையும் பெருஞ்சுவரும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அவை அரசர்கள் கட்டுவித்தவை. குடியானவர்கள் தங்களுக்காகத் தாங்களே கட்டிக்கொண்ட வீடுகளைப் பற்றி இன்று பேசப்போகிறேன். தென்கிழக்குச் சீனாவில், ஃபூஜியன் மாகாணத்தின் மலைப்பகுதியில் 'துலோ' எனப்படும் மண் வீடுகள் இருக்கின்றன. வட்டமாகவோ சதுரமாகவோ, பல மாடி உயரத்தில், ஒரு குலத்தையே உள்ளே குடிவைக்கும் ஒற்றை வீடுகள். 15ஆம் நூற்றாண்டிலிருந்து 20ஆம் நூற்றாண்டு வரை எழுந்த இத்தகைய வீடுகளில் 46-ஐ யுனெஸ்கோ 2008இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அந்த மலையிடுக்குகளில் விளைநிலம் கொஞ்சம், கொள்ளைக்கூட்டத்தின் பயம் அதிகம். அங்கே குடியேறிய ஹக்கா மக்களும், மின்னான் மொழி பேசும் அண்டை ஊர்க்காரர்களும் சேர்ந்திருந்தால்தான் பிழைக்க முடியும் என்று கண்டுகொண்டார்கள். அதனால் வெளிச்சுவரின் கீழ்த்தளத்தில் சன்னல் வைக்கவில்லை. பெரும்பாலும் ஒரே தலைவாசல். அதன் கதவில் இரும்புத் தகடு அறைந்திருக்கும். எதிரி கதவுக்குத் தீ வைத்தால் அணைப்பதற்கு வாசலின் மேலே தண்ணீர்த் தொட்டியும் வைத்தார்கள்.

சுவரோ முழுக்க மண். கல்லால் கடைக்கால் போட்டு, அதன் மேல் பலகைச் சட்டம் நிறுத்தி, பதமான மண்ணைக் கொட்டித் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்குவார்கள். இடையிடையே மூங்கில் பட்டைகளையும் மரக்கிளைகளையும் வைப்பார்கள். சில இடங்களில் மண்ணோடு சுண்ணாம்பும் ஒட்டரிசிக் கஞ்சியும் வெல்லமும் கலந்ததுண்டு. சுவரின் தடிமன் 1.8 மீட்டர் வரை போகும். மேலே ஏற ஏறச் சுவர் ஒடுங்கும். ஈர மண்ணின் மேல் பாரம் ஏற்றக் கூடாது என்பதால் கொஞ்சம் எழுப்பிக் காயவிட்டு, மறுபடி எழுப்புவார்கள். ஒரு வீடு முடிய ஆண்டுகள் ஆகும். மழைச்சாரல் மண்ணில் படாதபடி, ஓட்டுக் கூரையின் இறவாரத்தை நன்றாக வெளியே நீட்டிவிடுவார்கள்.

இந்தச் சுவரின் வலிமையைப் பலரும் புகழ்கிறார்கள். அதைவிடப் பெரிய திறமை உள்ளே இடத்தைப் பங்கிட்ட விதத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. யோங்டிங் வட்டாரத்தில் ஜியாங் குலத்தார் 1709இல் கட்டி முடித்த செங்ச்சி லோ என்னும் துலோவை எடுத்துக்கொள்வோம். ஒன்றுக்குள் ஒன்றாக வட்ட வட்டமான கட்டடங்கள், நடுவில் முன்னோரை வழிபடும் கூடம். வெளிவட்டத்துக்கு நான்கு தளங்கள், தளத்துக்கு 72 அறைகள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆரஞ்சுச் சுளை போல, கீழிருந்து மேல்வரை நெடுக்காக ஒரு பங்கு: தரைத்தளத்தில் அடுக்களை, அதன் மேல் தானிய அறை, அதற்கும் மேலே படுக்கையறைகள். அறைகள் ஏறக்குறைய ஒரே அளவு. வட்டத்தில் மூலை இல்லை. அதனால் மூத்தவனுக்கு நல்ல மூலை, இளையவனுக்கு இருட்டு மூலை என்ற வழக்கும் எழவில்லை.

பங்கு தனி என்றாலும் படிக்கட்டு பொது. தன் அடுக்களையிலிருந்து தன் படுக்கைக்குப் போகவேண்டுமானால் பொது நடையில் அடுத்த வீட்டார் கதவுகளைக் கடந்தாக வேண்டும். சண்டை போட்டவர்களும் தினமும் எதிர்ப்பட்டே தீரவேண்டிய அமைப்பு இது. ஹுவாஆன் வட்டாரத்தில் 1770இல் முடிந்த அர்யீ லோ வேறொரு வழியைத் தேர்ந்தது. அங்கே குடும்பத்துக்குக் குடும்பம் தனிப் படிக்கட்டு. ஆனாலும் மேல்தளத்தில் வெளிச்சுவரை ஒட்டி எல்லாரையும் இணைக்கும் ஒரு நடைவழி சுற்றி ஓடுகிறது. ஆபத்து வந்தால் அது பொதுவழி.

இதே நியாய உணர்வைச் சீனாவின் கட்டட வழக்கங்களிலும் காண்கிறேன். தச்சர்களின் குலதெய்வம் லூ பான். அவர் பெயரால் வழங்கும் முழக்கோலில் எட்டுப் பிரிவுகள்; செல்வம், நோய், பிரிவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பலன். கதவின் அகலம் நல்ல பிரிவில் விழும்படி அளப்பார்கள். முகட்டு உத்திரம் ஏற்றுவதற்கு நாள் பார்த்து, அதில் சிவப்புத் துணி கட்டி, பட்டாசு வெடிப்பார்கள். தச்சர் வாழ்த்துப் பாடிக்கொண்டே பலகாரங்களை மேலிருந்து கூட்டத்தின் மேல் வீசுவார். கூலி குறைத்தோ மரியாதை குறைத்தோ நடத்தினால், தச்சர் உத்திரத்தின் இடுக்கில் ஏவல் பொருளை ஒளித்துவிடுவார் என்ற அச்சமும் இருந்தது. மிங் அரசமரபின் காலத்தில் உருவான லூ பான் நூல் அந்த ஏவல்களையும் அவற்றுக்கு மாற்றுகளையும் சேர்த்தே சொல்கிறது. இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. உழைத்தவன் வயிறெரிந்தால் வீடு நிலைக்காது என்ற எண்ணம், உழைப்பாளிக்கு இருந்த ஒரு காவல்.

இந்த வாழ்க்கை சுகமானது என்று சொல்லமாட்டேன். மரத்தளத்தில் யார் நடந்தாலும் எல்லாருக்கும் கேட்கும். தனிமைக்கு இடமில்லை, அறைக்குள் கழிவறையும் இல்லை. வசதியும் வேலையும் தேடி இளைஞர்கள் நகரங்களுக்குப் போனதில் குறை காண முடியாது. ஆனால் ஆள் குறைந்தால் மண் வீடு தாங்காது. ஓர் ஓடு நழுவினால் மழை சுவருக்குள் இறங்கும். கவனிக்க ஆளில்லாமல் சில மழைக்காலங்கள் போனால் சுவர் கரையத் தொடங்கும்.

ஆகவே பெயர்ப்பலகையும் நுழைவுச்சீட்டும் மட்டும் இந்த வீடுகளைக் காப்பாற்றாது. ஓடு மாற்றவும் மண் இடிக்கவும் தெரிந்தவர்களுக்கு நல்ல கூலி வேண்டும், அவர்களிடம் கற்றுக்கொள்ள இளையவர்கள் வேண்டும். குடியிருப்பவர்களுக்குக் குழாய்த் தண்ணீரும் கழிவறையும் செய்துதர வேண்டும். அண்டை வீட்டாரோடு நியாயமாக இடத்தைப் பகிர்ந்துகொள்வது எப்படி என்ற கேள்விக்குப் குடியானவர்கள் மண்ணில் எழுதிய விடை இது. அடுக்குமாடிகளில் நெருங்கி வாழும் இந்தக் காலத்துக்கு அந்த விடை இன்னும் தேவைப்படுகிறது.